குமிழின் எண்ணும் ஒலியின் வளைவும்: ஹார்ட்வேர் ஈக்வலைசரை மென்பொருளில் மீட்டெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டுடியோவில் ஹார்ட்வேர் ஈக்வலைசரை (ஒலியின் வெவ்வேறு அதிர்வெண் பகுதிகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவியை) வைத்துப் பாதி மிக்ஸிங்கை முடித்துவிட்டு, குமிழ்கள் நின்ற இடங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, மீதி வேலையை வீட்டுக் கணினியில் தொடர்வது இன்று பலருக்கும் வழக்கமாகிவிட்டது. படத்தில் தெரியும் எண்களை மென்பொருள் ஈக்வலைசரில் அப்படியே இட்டால் அதே ஒலி கிடைத்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பதில்லை. உடனே மென்பொருளின் தரத்தைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் இன்றைய டிஜிட்டல் ஈக்வலைசர்கள் எந்த அனலாக் வளைவையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்றம், இறக்கம் என்று காட்டும் கோட்டையும்) மிக நெருக்கமாக வரையக்கூடியவை. எந்த வளைவை வரைய வேண்டும் என்பதை முகப்பில் உள்ள எண் சொல்வதில்லை. அதை அந்தக் கருவியின் மின்சுற்றுதான் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைக் கவனிக்காததிலிருந்தே கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இயங்கிய பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த பல்டெக் ஈக்யூபி-1 ஈக்வலைசர் வரிசையை முதலில் பார்ப்போம். அதன் பூஸ்ட் (ஏற்றும்) குமிழில் 0 முதல் 10 வரை எண்கள் இருக்கின்றன. அவை டெசிபெல் (ஒலியளவின் அலகு) அல்ல, குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. 1970-இல் வந்த நீவ் 1073 என்ற ஈக்வலைசர் மாட்யூலின் ஏற்ற இறக்கக் குமிழ்களிலோ டெசிபெல் எண்களே கிடையாது. கூட்டல், கழித்தல் குறிகளை வைத்துக் காதால்தான் வேலை செய்ய வேண்டும். சமையல் குறிப்பில் "ஒரு கரண்டி" என்று எழுதியிருந்தால் எந்த வீட்டுக் கரண்டி என்று கேட்போம் அல்லவா, அந்தக் கேள்வியை இங்கேயும் கேட்டாக வேண்டும். ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு கருவிகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பொட்டென்ஷியோமீட்டர்களின் (குமிழுக்குப் பின்னால் உள்ள மாறு மின்தடைகளின்) மின்தடை குறித்த அளவிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருப்பது சாதாரணம்; பழைய மின்தேக்கிகளின் மதிப்பும் ஆண்டுகள் செல்லச் செல்ல நகர்ந்துவிடும். ஆகவே ஸ்டீரியோவுக்காக இரண்டு மோனோ கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால், இடது பக்கத்தை மட்டும் அளந்து அதையே வலது பக்கத்துக்கும் இடுவது பிழையாகிவிடும்.

பல்டெக்கின் கீழ்ப்பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என்ற நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதே அதிர்வெண்ணுக்குப் பூஸ்ட் குமிழ் ஒன்றும் அட்டென்யுவேஷன் (குறைக்கும்) குமிழ் ஒன்றும் தனித்தனியாக இருக்கும். 60 ஹெர்ட்ஸில் இரண்டையும் ஐந்தில் வைத்தால் ஒன்றை மற்றொன்று அடித்துச் சமமாகிவிடும் என்று கணக்குப் போட்டு, மென்பொருளில் அந்தப் பட்டையையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் இந்த இரண்டு சுற்றுகளும் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை. குறைக்கும் சுற்றின் பாதிப்பு ஏற்றும் சுற்றைவிட மேலே, சில நூறு ஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. அதனால் கீழே ஒரு மேடும் அதற்கு மேலே ஒரு மென்மையான பள்ளமும் சேர்ந்தே கிடைக்கின்றன. கிக் டிரம்மையும் பேஸ் கிட்டாரையும் கனமாக்கிக்கொண்டே அவற்றின் மந்தமான பகுதியை விலக்க இந்தக் கருவி விரும்பப்படுவதற்குக் காரணம் இந்த வடிவமே. அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் மாற்றக்கூடிய சாதாரண பாராமெட்ரிக் ஈக்வலைசரில் இதை மீட்க ஒரு லோ ஷெல்ஃப் (ஓர் எல்லைக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் மாற்றும்) ஏற்றமும் அதற்கு மேலே ஓர் அகலமான பெல் (ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் மாற்றும்) இறக்கமும் தேவைப்படும். இரண்டின் அளவையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

60 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 60 ஹெர்ட்ஸில் ஒரு பெல் வைப்பதும் இதே வகைத் தவறுதான். பல்டெக்கின் லோ பூஸ்ட் ஒரு ஷெல்ஃப் என்பதால் 60-க்குக் கீழே 40, 30 ஹெர்ட்ஸிலும் ஏற்றம் தொடரும். பெல் வைத்தால் அந்த அடித்தளம் மறைந்து, 60-ஐச் சுற்றி ஒரு முண்டு மட்டும் எஞ்சும். சிறிய ஸ்பீக்கரில் இந்த வேறுபாடு தெரியாது; பெரிய அரங்கில் ஒலிக்கும்போதுதான் வெளிப்படும்.

அடுத்தது க்யூ மதிப்பு, அதாவது வளைவு எவ்வளவு குறுகலானது என்பதைச் சொல்லும் எண். பலர் அதிர்வெண்ணையும் டெசிபெல்லையும் அக்கறையாக எழுதிக்கொண்டு, க்யூவை மென்பொருள் தானாகத் தரும் மதிப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏபிஐ 550ஏ ஈக்வலைசர் 2, 4, 6, 9, 12 டெசிபெல் என்ற படிகளில் நகரும். 2 டெசிபெல் ஏற்றத்தில் வளைவு மிக அகலமாகவும், 12-ஐ நோக்கிப் போகப் போகக் குறுகலாகவும் மாறும். அதாவது, ஏற்றத்தைத் தொட்டால் க்யூவும் கூடவே மாறும் வகையில் அதன் சுற்று அமைந்திருக்கிறது. நிலையான க்யூ கொண்ட மென்பொருளில் ஒரு படிக்கு மட்டும் பொருத்திவிட்டு, பிறகு பாடலுக்கு ஏற்ப ஏற்றத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ வடிவம் பொருந்தாமல் போய்விடும். பல்டெக்கின் மேல்பகுதியில் உள்ள பேண்ட்விட்த் குமிழோ எதிர்த் திசையில் வேலை செய்கிறது: அகலத்தைக் கூட்டும்போது உச்சத்தின் உயரமும் இறங்கிவிடும். மென்பொருளில் அகலத்தை மட்டும் கூட்டி உயரத்தை அப்படியே விட்டால் உயர் அதிர்வெண்கள் மிகையாகிப் பாடகரின் "ஸ", "ஷ" ஒலிகள் காதைக் குத்தும்.

க்யூ என்ற எண்ணுக்கே எல்லா மென்பொருள்களிலும் ஒரே பொருள் இல்லை. சில, உச்சத்திலிருந்து 3 டெசிபெல் இறங்கிய புள்ளிகளுக்கு இடையே அகலத்தை அளக்கின்றன. சில, ஏற்றத்தில் பாதி டெசிபெல் அளவுள்ள புள்ளிகளுக்கு இடையே அளக்கின்றன. ஷெல்ஃபிலும் இதே குழப்பம்தான். 10 கிலோஹெர்ட்ஸில் 12 டெசிபெல் ஷெல்ஃப் என்று இட்டால், ஒரு மென்பொருளில் அந்த 10 கிலோஹெர்ட்ஸ் புள்ளியில் 6 டெசிபெல் ஏறியிருக்கும், இன்னொன்றில் 9 டெசிபெல் ஏறியிருக்கும். இரண்டும் தத்தம் வரையறைப்படி சரியே. ஆகவே ஒரு பிளக்இன்னில் (மிக்ஸிங் மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் துணை மென்பொருளில்) பொருத்திய எண்களை இன்னொரு பிளக்இன்னுக்கு மாற்றும்போதும் வளைவை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

உயர் அதிர்வெண்களில் டிஜிட்டலுக்கே உரிய ஒரு நெருக்கடி இருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்ற விகிதத்தில்) 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. எளிய முறையில் கட்டப்பட்ட டிஜிட்டல் பெல் வளைவு அந்த எல்லையில் பூஜ்ஜிய ஏற்றத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும் என்பதால், 16 கிலோஹெர்ட்ஸில் வைத்த அகலமான ஏற்றத்தின் வலப்பக்கம் சட்டென்று மடங்கிச் சாய்ந்துவிடும். அனலாக் கருவியில் அந்தச் சரிவு கேட்கும் எல்லையைத் தாண்டி நிதானமாக இறங்குகிறது. "காற்றோட்டம்" இல்லை என்று மென்பொருளைப் பற்றிச் சொல்லப்படும் குறையில் ஒரு பகுதி இதனால் வருவது. ஓவர்சாம்பிளிங் வசதியை (உள்ளே மட்டும் உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவதை) இயக்குவதும், இந்த மடிப்பைத் திருத்தி வடிவமைக்கப்பட்ட ஈக்வலைசரைத் தேர்ந்தெடுப்பதும், 96 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வதும் இதற்கான வழிகள். 1 கிலோஹெர்ட்ஸில் செய்யும் திருத்தங்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

ஃபேஸை (ஒலி அலையின் நேர நிலையை) மாற்றாமல் விடும் லீனியர் ஃபேஸ் முறை உயர்தரமானது என்று எண்ணி அதைத் தேர்ந்தெடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தவறு. இங்கே பேசும் அனலாக் ஈக்வலைசர்கள் எல்லாம் வளைவோடு சேர்த்து ஃபேஸையும் நகர்த்துபவை. அந்த நகர்வு அவற்றின் ஒலியில் ஒரு பங்கு. லீனியர் ஃபேஸ் அதை நீக்குவதோடு, தட்டல் ஒலிகளுக்குச் சற்று முன்பே ஒரு மெல்லிய அதிர்வையும் சேர்க்கக்கூடும். கீழ் அதிர்வெண்களில் கூர்மையான மாற்றம் செய்யும்போது இது தெளிவாகக் கேட்கும். கருவியை மீட்பதே நோக்கம் என்றால் அனலாக் கருவியைப் போலவே ஃபேஸை நகர்த்தும் மினிமம் ஃபேஸ் முறைதான் சரியானது.

வளைவு முழுவதும் பொருந்திய பின்னும் ஒலி வேறாக இருந்தால், மேலும் மேலும் ஈக்யூ சேர்ப்பதுதான் மிகவும் பரவலான தவறு. பல்டெக்கில் உள்ளே வரும் ஒலி டிரான்ஸ்ஃபார்மர்களையும் வெற்றிடக் குழாய்களையும் கடந்துதான் வெளியேறுகிறது. குமிழ்கள் எல்லாம் பூஜ்ஜியத்தில் நின்றாலும் இந்தப் பயணம் நடக்கும், ஒலியின் அளவைப் பொறுத்து ஹார்மோனிக்குகளும் (மூல அதிர்வெண்ணின் முழு மடங்குகளில் பிறக்கும் ஒலிகளும்) சேரும். 60 ஹெர்ட்ஸ் ஒலி உரக்கச் செல்லும்போது 120-இலும் 180-இலும் சிறிது ஆற்றல் புதிதாகப் பிறக்கிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 120 ஹெர்ட்ஸ் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு அங்கே ஏற்றம் கொடுத்தால், அந்தப் பகுதியில் வாசிக்கும் எல்லாக் கருவிகளும் வீங்கிவிடும்; ஹார்மோனிக் பிறந்தபாடில்லை. ஈக்வலைசரால் இருப்பதைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே முடியும். இந்தப் பகுதிக்குத் தனியாக, ஹார்மோனிக்குகளைச் சேர்க்கும் ஒரு சேச்சுரேஷன் பிளக்இன் தேவை, அல்லது சுற்றையே மாதிரியாக்கிய பிளக்இன் தேவை.

அப்படிப்பட்ட பிளக்இன்னைப் பயன்படுத்தும்போது ஒலியளவைப் பொருத்தாமல் விடுவது அடுத்த சறுக்கல். ஸ்டுடியோக்களில் ஒலியளவு காட்டும் வியூ (VU) மீட்டரின் 0 என்பது வழக்கமாக +4 டிபியூ (dBu, அனலாக் மின்னழுத்த அளவு), அதாவது 1.228 வோல்ட். உங்கள் இன்டர்ஃபேஸ் (கணினியையும் ஒலிக்கருவிகளையும் இணைக்கும் பெட்டி) டிஜிட்டல் உச்சத்தில் +20 டிபியூ வெளியிட்டால், டிஜிட்டல் மீட்டரில் -16 காட்டும் சிக்னல்தான் அந்த +4. உச்சம் +24 என்றால் -20 காட்டும் சிக்னல். பிளக்இன்களில் பலவும் டிஜிட்டல் மீட்டரின் -18-ஐ 0 வியூவாகக் கொள்கின்றன. இந்த மூன்றையும் ஒப்பிடாமல் ஒலியை உள்ளே செலுத்தினால், ஹார்ட்வேரில் மென்மையாக இருந்தது மென்பொருளில் கரகரப்பாகும், அல்லது உயிரற்றதாகிவிடும்.

வளைவை அறிய நம்பகமான ஒரே வழி, கருவி கையில் இருக்கும்போதே அளந்துவைப்பது. இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசர்ட் போன்ற மென்பொருள் ஏறுமுகமான சைன் ஒலியைச் செலுத்தி வளைவை வரைந்துவிடும். முதலில் இன்டர்ஃபேஸின் வெளியீட்டை நேராக அதன் உள்ளீட்டிலேயே சொருகி அளக்க வேண்டும். அந்த அளவைக் கழிக்காவிட்டால் இன்டர்ஃபேஸின் குணம் ஈக்வலைசரின் கணக்கில் ஏறிவிடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் கருவிகள் 600 ஓம் சூழலுக்காக வடிவமைக்கப்பட்டவை. வெளியீட்டில் அந்தச் சுமை இல்லாதபோது சில கருவிகளின் உச்ச அதிர்வெண்களில் ஒரு மேடு தோன்றும். ஸ்டுடியோவில் எந்த இணைப்பில் ஒலி பதிவானதோ அதே இணைப்பில் அளப்பது நல்லது. பாடலையே ஓடவிட்டு, இரண்டு ஒலிகளை ஒப்பிட்டு வளைவைத் தானே கணிக்கும் மேட்ச் ஈக்யூவைக் கண்டுபிடிக்கச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பாடலில் ஆற்றலே இல்லாத பகுதிகளில் அது இரைச்சலை ஒப்பிட்டுப் பொய்யான மேடு பள்ளங்களைக் காட்டும்.

பொருத்திய பிறகு, ஹார்ட்வேர் வழியாக வந்த ஒலியையும் மென்பொருள் வழியாக வந்த ஒலியையும் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டிப் பார்க்கும் நல் டெஸ்ட் மிகவும் பயனுள்ளது. அதன் முடிவைத் தவறாகப் படிக்காமல் இருக்கச் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஒலிகளுக்கும் அளவில் 1 டெசிபெல் மட்டும் வேறுபாடு இருந்தாலே மிச்சம் ஏறக்குறைய -19 டெசிபெல்லில் நின்றுவிடும், 0.1 டெசிபெல் வேறுபாட்டில் -39 வரை இறங்கும். நேர வேறுபாடு இதைவிடக் கொடியது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஒரு சாம்பிள் தள்ளியிருந்தால், 100 ஹெர்ட்ஸில் மிச்சம் -38 டெசிபெல் அளவுக்குச் சிறியது. 10 கிலோஹெர்ட்ஸிலோ 75 பாகை ஃபேஸ் வேறுபாடு உண்டாகி, மிச்சம் மூல ஒலியைவிடவே உரக்கக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "மேல்பகுதி பொருந்தவில்லை" என்று நல்ல வளைவைக் கலைத்தவர்கள் பலர். முதலில் நேரத்தையும் அளவையும் சரிசெய்த பிறகே வளைவைச் சந்தேகிக்க வேண்டும். கூட்டும்போது ஒலி மறைவதற்குப் பதில் இரட்டிப்பானால் போலாரிட்டியை (அலையின் நேர், எதிர் முனைகள் மாறியிருக்கின்றனவா என்பதை) பாருங்கள். சில பழைய கருவிகளில் எக்ஸ்எல்ஆர் இணைப்பின் மூன்றாம் பின் நேர்முனையாக இருக்கும்.

காதால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வைக்காவிட்டால் அந்த ஒப்பீட்டால் பயனில்லை. சற்று உரக்கக் கேட்பது நல்லதாகத் தோன்றுவது எல்லோர் காதுக்கும் பொதுவான இயல்பு. கீழ்ப்பகுதியில் ஏற்றம் கொடுத்த மாதிரி அந்த ஏற்றத்தாலேயே வென்றுவிடும். எது ஹார்ட்வேர் என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வது மேலும் நேர்மையான முறை.

எவ்வளவு நெருக்கம் போதும் என்பது வேலையைப் பொறுத்தது. பாதி பாடல் ஹார்ட்வேரிலும் பாதி மென்பொருளிலும் இருக்கும்போது, அல்லது ஏற்கெனவே வெளியான மிக்ஸில் ஒரே ஒரு சொல்லை மாற்றும்போது, அரை டெசிபெல் வேறுபாடும் கவனத்துக்குரியது. புதிய பாடலுக்கு அந்தக் கருவியின் சுபாவம் மட்டும் வேண்டுமென்றால் வளைவின் பொது வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, மீதியை அந்தப் பாடலைக் கேட்டே முடிவு செய்யலாம். வேறொரு குரலுக்காக வைத்த அளவைப் பத்தில் ஒரு டெசிபெல் வரை காப்பாற்றுவதால் இந்தக் குரலுக்கு எந்த நன்மையும் இல்லை. எந்த வேலையானாலும், சேமிக்கும் பிரீசெட்டின் பெயரில் கருவியின் மாடலை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கருவி, இடதா வலதா, என்ன சாம்பிள் ரேட், எவ்வளவு ஒலியளவு, அதற்கு முன்னும் பின்னும் சங்கிலியில் என்ன இருந்தது என்பவற்றைக் குறித்து, அளந்த வளைவின் கோப்பையும் பிராஜெக்ட் ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மிக்ஸைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கும்போது, குமிழ்களின் படத்தைவிட அந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.