சொரோரிட்டிச் சேர்க்கையில் ‘கோட்டா’ எதற்காக?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்திருக்கும் நம் பெற்றோர் பலர், ‘ரஷ்’ எனப்படும் சொரோரிட்டி (மாணவியர் சங்கம்) சேர்க்கைக்கு அவள் பெயர் கொடுத்ததும் முதலில் தடுமாறுவது ‘கோட்டா’ என்ற சொல்லில்தான். இது நாம் அறிந்த இடஒதுக்கீடு அன்று. அந்தச் சேர்க்கையில் ஒரு சொரோரிட்டியின் வளாகக் கிளை எத்தனை புதிய உறுப்பினர்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு மட்டுமே. வளாகத்தின் கிளைகள் அனைத்துக்கும் அது ஒரே எண்.

1902-இல் தொடங்கிய கூட்டமைப்பான தேசிய பான்ஹெலனிக் மாநாட்டின்கீழ் 26 சொரோரிட்டிகள் உள்ளன. ‘பிரிஃபரன்ஸ்’ என்னும் இறுதிச் சுற்றுவரை வரும் பெண்களின் எண்ணிக்கையைக் கிளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே ஏறக்குறைய கோட்டா. 600 பேர், 12 கிளைகள் என்றால் 50. இவ்வரம்பு இல்லையெனில், பெயர்பெற்ற இரண்டு மூன்று கிளைகளே பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும்; மற்றவை ஆள் குறைந்து மூடப்படும் நிலைக்குத் தள்ளப்பட, அடுத்த ஆண்டு வரும் பெண்களுக்கான இடங்களும் சுருங்கிவிடும். ஆகவே, விரும்பிய கிளை கிடைக்காத மகளிடம், அவளிடம் ஏதோ குறை இருப்பதுபோல் தயவுசெய்து பேசாதீர்கள். அந்தக் கிளையின் 50 இடங்களும் நிரம்பிவிட்டன என்பதே பல நேரங்களில் காரணம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இறுதிச் சுற்றுக்குப் பின் அவள் கையெழுத்திடும் விருப்பப் பட்டியலைப் பற்றி. பொறியியல் கலந்தாய்வில் விருப்பங்களை வரிசைப்படுத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தன்னை அழைத்த கிளைகளை விலக்காமல் சென்று, இறுதியிலும் அவற்றை எல்லாம் எழுதிய பெண்ணுக்குக் கோட்டாவுக்குள் இடம் அமையாவிட்டால், கோட்டாவுக்கு மேற்பட்ட கூடுதல் இடமாக அவளை ஒரு கிளையில் சேர்க்க விதியில் வழி உண்டு. ஒரே கிளையை மட்டும் எழுதியவளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பட்டியல் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதால், அதில் எழுதிய கிளை அழைத்தபின் மறுத்தால், அடுத்த முதன்மைச் சேர்க்கை தொடங்கும்வரை அவ்வளாகத்தில் இம்மாநாட்டைச் சேர்ந்த வேறு கிளையில் சேர முடியாது. எனவே, சேரவே மனமில்லாத கிளையை எழுத வேண்டாம்.

மகன்கள் சேரும் ஃபிரெட்டர்னிட்டிகளில் பொதுவாக இத்தகைய கோட்டா கிடையாது. எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் கிளையே முடிவு செய்கிறது. பெண்களுக்கோ இடம் தவறினாலும், வளாகம் வகுத்த மொத்த உறுப்பினர் வரம்பை எட்டாத கிளைகள் சேர்க்கை முடிந்தபின்னும் தனியாக அழைப்பு விடுக்கலாம். எவை அழைக்கின்றன என்பதை வளாகத்தின் பான்ஹெலனிக் அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.