ஒலிம்பியாவில் ஒன்றரை நிமிடம்: தொழிலாளர், வணிக மசோதாக் கருத்துக்கேட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சம்பளம், விடுப்பு, வேலைநிறுத்தம், ஆள்சேர்ப்பு என்று வேலை செய்கிறவரையும் வேலை கொடுக்கிறவரையும் தொடுகிற மசோதாக்கள் பெரும்பாலும் இரண்டு குழுக்களின் வழியாகத்தான் வரும். செனட்டில் லேபர் அண்டு காமர்ஸ் குழு. கீழவையில் லேபர் அண்டு ஒர்க்பிளேஸ் ஸ்டாண்டர்ட்ஸ் குழு. தலைநகர் ஒலிம்பியாவில் இவை கூட்டும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். குடியுரிமை கேட்பதில்லை; எச்1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். ஒலிம்பியாவுக்கு நேரில் போகாமல், வீட்டிலிருந்து ஜூம் வழியாகவும் பேசலாம்.

தமிழ்நாட்டு அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் சென்னையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொழிலாளர்கள் வாய் திறந்து பேச இடம் கிடைத்தது அதற்குப் பிறகு, தெருவில்தான். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஒலிம்பியாவில் வாக்கெடுப்புக்கு முன்பே கதவு திறக்கிறது. ஆனால் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. அதை வீணாக்கும் தவறுகள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொதுவானவை.

பழைய வாசகத்தைப் படித்துவிட்டு வருவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. மசோதா தாக்கலானபோது வந்த செய்தியைப் படித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து அதைப் பற்றிப் பேச வருவார்கள். அதற்குள் வாசகமே மாறியிருக்கும்.

எண்ணுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். எஸ்.பி. என்று மட்டும் இருந்தால் செனட்டில் முதலில் தாக்கலான வடிவம். எஸ்.எஸ்.பி. என்றால் குழு அதை எடுத்துவிட்டு மாற்று வடிவம் வைத்திருக்கிறது. முன்னால் இ சேர்ந்தால் அவையில் நிறைவேறிய திருத்தங்களும் உள்ளே வந்துவிட்டன. கீழவை மசோதாக்களின் எண் 1000-இலிருந்தும் செனட் மசோதாக்களின் எண் 5000-இலிருந்தும் தொடங்கும் என்பதால், எந்த அவையில் பிறந்தது என்பது எண்ணிலேயே தெரியும். இதைவிடக் கண்ணில் படாத ஒன்று உண்டு: உத்தேச மாற்று வடிவம். கருத்துக்கேட்பு நாளன்றே குழுவின் ஆவணப் பக்கத்தில் அது ஏறியிருக்கலாம். அன்று காலை ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் போகாதீர்கள்.

வாசகத்தைப் படிக்கும் முறையும் எளிதுதான். ஏற்கெனவே உள்ள சட்டத்தில் புதிதாகச் சேர்ப்பது அடிக்கோட்டுடன் இருக்கும். நீக்குவது இரட்டை அடைப்புக்குறிக்குள், குறுக்குக்கோடு போட்டு இருக்கும். முழுக்கப் புதிய பிரிவாக இருந்தால் 'புதிய பிரிவு' என்று தலைப்பு வரும். அதற்குள் அடிக்கோடு இருக்காது. அடிக்கோட்டை மட்டும் தேடிப் படிக்கிறவர்கள் இந்தப் புதிய பிரிவுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அபராதமும் வழக்குத் தொடரும் உரிமையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 2022-இல் நிறைவேறி, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். நல்ல சட்டம். ஆனால் 'வேலை விண்ணப்பதாரர்' என்றால் யார் என்று அதில் வரையறை இல்லை. உண்மையிலேயே வேலை தேடுகிறவரா, விளம்பரத்துக்கு விண்ணப்பித்த எவருமா? ஏராளமான வழக்குகள் குவிந்தன. மாநில உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில்தான் பதில் சொன்னது: விண்ணப்பித்திருந்தால் போதும், நல்லெண்ணத்தோடு விண்ணப்பித்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. அதற்கு முன்பே சட்டமன்றம் 2025-இல் சட்டத்தைத் திருத்தி, குறையைச் சுட்டிக்காட்டினால் ஐந்து வேலை நாட்களுக்குள் சரிசெய்துகொள்ள 2027 ஜூலை வரை நிறுவனங்களுக்கு வாய்ப்பு தந்தது. ஒரு சொல்லுக்கு வரையறை இல்லாததால் நேர்ந்தது இத்தனையும். ஒரு மசோதாவைக் கையில் எடுத்ததும் வரையறைப் பிரிவுக்குப் போங்கள். 'ஊழியர்', 'நிறுவனம்', 'விண்ணப்பதாரர்', 'சம்பளம்' ஆகியவற்றுக்குப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பேசுவதற்கு உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

கடிகாரத்தைத் தவறவிடுவது

கூட்டம் காலை 10.30 என்றால், பேசப் பெயர் பதிவது 9.30-க்கே முடிந்துவிடும். பேசாமல் நிலைப்பாட்டை மட்டும் பதிவுசெய்யவும் அதே கெடுதான். எழுத்துமூலக் கருத்துக்கு மட்டும் கூட்டம் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் உண்டு. பெயர் பதிய முடியாமல் போனவர்கள் எல்லாமே முடிந்துவிட்டதென்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அது தவறு, எழுதி அனுப்புங்கள். பேசியவர்களும் அனுப்புவது நல்லது. மற்றவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகு, அதற்கான பதிலை எழுத அந்த 24 மணி நேரம் உதவும்.

கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. ஆனால் குழுக்கள் மசோதாக்களை முடித்து அனுப்பியாக வேண்டிய கெடு நெருங்கும் வாரங்களில் அந்த விதியைத் தளர்த்திவிடுவது உண்டு. எனவே அறிவிப்புக்குக் காத்திருக்காமல், மசோதாவின் பக்கத்தில் மின்னஞ்சல் எச்சரிக்கைக்குப் பதிந்து வையுங்கள்.

ஆண்டு வேறுபாடும் முக்கியம். ஒற்றைப்படை ஆண்டில் சட்டமன்றம் 105 நாள் கூடும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள்தான். அந்த 60 நாள் அமர்வில் முதல் குழுக் கெடு நான்காவது வாரத்திலேயே வந்துவிடும். பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், உங்கள் மசோதாவின் கருத்துக்கேட்பு முடிந்தே போயிருக்கலாம்.

இன்னொரு குழப்பம் 'எக்ஸிகியூட்டிவ் செஷன்' என்ற பெயரால் வருகிறது. பெயரைப் பார்த்து மூடிய கதவுக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம். எல்லாரும் பார்க்கலாம், சட்டமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் டி.வி.டபிள்யூ. தொலைக்காட்சியில் நேரலையாகவே வரும். அங்கேதான் குழு உறுப்பினர்கள் திருத்தங்களை எடுத்து வாக்களிக்கிறார்கள். ஆனால் பொதுமக்கள் பேச முடியாது. அன்று பேசலாம் என்று நம்பி ஒலிம்பியாவரை காரோட்டிப் போகாதீர்கள்.

எந்தப் பெட்டியில் குறியிடுவது

பதிவுப் படிவத்தில் மூன்று நிலைப்பாடுகள் இருக்கும்: ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை. மசோதாவின் நோக்கம் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு பிரிவு மட்டும் உறுத்துகிறது என்கிற பலர் கோபத்தில் 'எதிர்ப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் அது மசோதாவையே வேண்டாம் என்பவர்களின் கணக்கில் சேரும். அந்தப் பிரிவு திருந்தினால் ஆதரிப்பீர்கள் என்றால் 'மற்றவை' என்று போட்டு, முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லுங்கள். கேட்கிற உறுப்பினருக்கு உங்களோடு பேரம் பேச இடம் இருக்கிறதென்று அப்போதுதான் புரியும்.

குறியிடுவதோடு நின்றுவிடுவதும் குறையே. ஒரே மாதிரியான நூறு பதிவுகளைவிட, எந்த வரி ஏன் இடிக்கிறது என்று சொல்லும் ஒரு பதிவு குழு ஊழியரின் கண்ணில் படும்.

எல்லாவற்றையும் சொல்லப் பார்ப்பது

இரண்டு மணி நேரக் கூட்டம். நான்கைந்து மசோதாக்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் குழு ஊழியரின் விளக்கம், பிறகு மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் பேச்சு, அதன் பிறகே மற்றவர்கள். முப்பது பேர் பதிந்திருந்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் கிடைப்பதே அதிகம். ஒரு நிமிடம் என்று தலைவர் அறிவித்துவிடலாம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 130 ஆங்கிலச் சொற்கள் வரும். மூன்று பக்கம் எழுதி வைத்துக்கொண்டு வேகமாக வாசிக்கிறவர்கள், முக்கியமான விஷயத்துக்கு வரும் முன்பே மணியடித்து நிறுத்தப்படுகிறார்கள். 90 வினாடிக்கு ஒன்று, 60-க்கு ஒன்று, 30-க்கு ஒன்று என மூன்று அளவில் தயார் செய்துகொள்ளுங்கள். மூன்றிலும் முதல் இரண்டு வாக்கியங்கள் ஒன்றாகவே இருக்கட்டும்.

ஷிப்ட் அட்டவணையை 14 நாள் முன்பே ஊழியருக்குத் தர வேண்டும் என்று ஒரு மசோதா வருவதாக வைத்துக்கொள்வோம். உணவகம் நடத்தும் ஒருவர் வழக்கமாக இப்படித் தொடங்குவார்: "சிறுதொழில்தான் இந்த மாநிலத்தின் முதுகெலும்பு. ஏற்கெனவே வாடகை, மளிகை விலை, குறைந்தபட்சக் கூலி எல்லாம் ஏறிவிட்டன…" பாதி நேரம் இதிலேயே போய்விடும். இதை அந்த அறையில் எல்லாரும் கேட்டுச் சலித்திருக்கிறார்கள்.

அதையே இப்படிச் சொல்லலாம்: "தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். என் பெயர் இன்னது. கென்ட் நகரில் 22 பேர் வேலை செய்யும் உணவகம் நடத்துகிறேன். மசோதாவின் நோக்கத்தை ஆதரிக்கிறேன். பிரிவு 3-இல் ஒரு மாற்றம் கேட்கிறேன். ஊழியரே இன்னொருவரோடு ஷிப்டை மாற்றிக்கொண்டாலும் நான் இழப்பீடு தர வேண்டும் என்று இப்போதைய வாசகம் பொருள் தருகிறது. எங்கள் கடையில் வாரத்துக்கு ஐந்தாறு முறை இது நடக்கும். அப்படியானால் ஊழியர்கள் கேட்டாலும் நான் மறுக்க வேண்டிவரும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய தாய்மார்களைத்தான் அது முதலில் பாதிக்கும். 'ஊழியரின் கோரிக்கையின் பேரில் நடக்கும் மாற்றத்துக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்." பேசுவது யார், எந்தப் பிரிவு, என்ன ஆகும், எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. தொழிலாளி பேசினாலும் இதே வரிசைதான்.

கூட்டம் முடிந்த பிறகு வெளிவரும் மசோதா அறிக்கையை ஒருமுறை திறந்து பார்த்தால் இதன் அருமை புரியும். பேசியவர்கள் சொன்ன அத்தனையையும் ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை என்று சில பத்திகளாகக் குழு ஊழியர் சுருக்கியிருப்பார். உங்கள் ஒன்றரை நிமிடம் அதில் ஒரு வாக்கியம் ஆகும். முதுகெலும்பு பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே வாக்கியம் ஆவார்கள்.

உறுப்பினர் கேள்வி கேட்டால், தலைவரை விளித்துவிட்டுப் பதில் சொல்வது அங்கே மரபு. பதில் தெரியவில்லை என்றால் எழுத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லி, அன்றே அனுப்புங்கள். ஊகித்துச் சொன்ன எண் பதிவில் நின்றுவிடும். எதிர்த்தரப்பில் பேசியவரைச் சாடுவதும் வேண்டாம். உறுப்பினர்கள் இரண்டு தரப்போடும் நாளையும் பேசியாக வேண்டியவர்கள்.

பொதுப்பதிவு என்பதை மறப்பது

நீங்கள் பேசுவதும் எழுதுவதும் பொது ஆவணம். ஒளிப்பதிவு டி.வி.டபிள்யூ. தளத்தில் நிற்கும். சக ஊழியரின் பெயர், அவருடைய நோய், உங்கள் நிறுவனத்தின் உள்விவரம் எதையும் அதில் போடாதீர்கள். சங்கத்தின் பெயரால் பேசுவதானால் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் முன்பே வேண்டும். 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி பெற்ற தமிழ்ச் சங்கங்கள் மசோதாவைப் பற்றி ஓரளவுக்குள் பேசலாம். வேட்பாளரை ஆதரிக்கத்தான் கூடாது. இன்னொரு தேவையற்ற பயமும் உண்டு: பரப்புரையாளராக (லாபியிஸ்ட்) அரசிடம் பதிய வேண்டுமோ என்பது. குழுவின் பொதுக் கூட்டங்களில் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறவர் பதிய வேண்டியதில்லை என்று மாநிலச் சட்டமே சொல்கிறது.

பேசியதோடு விட்டுவிடுவது

குழு திருத்தம் செய்யும் என்று காத்திருந்தால் எதுவும் நடக்காது. திருத்தத்தை யாராவது ஒரு உறுப்பினர் கொண்டுவர வேண்டும். எனவே நீங்கள் கேட்கும் வரியை, பக்க எண்ணும் வரி எண்ணும் போட்டு, மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினருக்கும் குழுவில் உள்ள ஒருவருக்கும் எக்ஸிகியூட்டிவ் செஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் குழுவில் இல்லாவிட்டாலும் மசோதா அவைக்கு வரும்போது வாக்களிப்பார்கள்.

செலவு உள்ள மசோதா அடுத்து நிதிக் குழுவுக்குப் போகும்: செனட்டில் வேஸ் அண்டு மீன்ஸ், கீழவையில் அப்ரோப்ரியேஷன்ஸ். அங்கே போய் நியாயத்தையெல்லாம் மறுபடி பேசுவது பொருந்தாது. செலவு மதிப்பீட்டுக் குறிப்பைப் படித்து, எந்தத் துறைக்கு எத்தனை பணியிடம் என்ற கணக்கு சரியா என்பதைப் பேசுங்கள்.

ஒரு அவையில் முடிந்தால் மற்ற அவையில் எல்லாம் மறுபடி தொடங்கும். அங்கே எவ்வளவு மாறும் என்பதற்கு எஸ்.பி. 5041 போதும். வேலைநிறுத்தம் செய்கிறவர்களுக்கும் வேலையின்மைக் காப்பீடு தரும் மசோதா அது. செனட்டில் 12 வாரமாகக் கிளம்பியது. கீழவை அதை 4 வாரமாகக் குறைத்தது. இரு அவைகளும் பேசி 6 வாரத்தில் முடித்தன. 2025 மே மாதம் ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்திட, 2026 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. செனட் கூட்டத்தில் ஆதரித்துப் பேசிவிட்டு வேலை முடிந்தது என்று போனவருக்கு, பாதி வாரங்கள் கழிந்த கதை செய்தியில்தான் தெரிந்திருக்கும்.

ஒற்றைப்படை ஆண்டில் நகராமல் நின்ற மசோதா அடுத்த ஆண்டுக்குத் தொடரும். இரட்டைப்படை ஆண்டின் இறுதியில் நின்றது செத்துப்போகும், புதிய எண்ணோடு மறுபடி தாக்கலாக வேண்டும். 2027 அமர்வு ஜனவரி 11 அன்று தொடங்குகிறது. முன்கூட்டித் தாக்கல் 2026 டிசம்பர் 7 முதல். அன்றிலிருந்து புதிய எண்களைத் தேடத் தொடங்குங்கள்.