பாறை எந்தப் பக்கம் சாய்கிறது? ஒரு பாட்டில் தண்ணீரில் கண்டுபிடிக்கலாம்

சிங்கப்பூர்க் கரையில் பெரும்பகுதி மண் கொட்டிக் கட்டியது. இயற்கைப் பாறை மிச்சமிருக்கும் சில இடங்களில் செந்தோசாத் தீவின் தஞ்சோங் ரிமாவும் ஒன்று. அங்கே பாறை அடுக்கின் சாய்வை அளந்தாலே கரை ஏன் அந்த வடிவில் நிற்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

படி 1: கடல் ஏற்றவற்ற அட்டவணையில் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பாருங்கள். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். நீர் ஏறத் தொடங்கினால் உடனே கிளம்பிவிடுங்கள்.

படி 2: பாறையில் தெரியும் கோடெல்லாம் அடுக்கு அல்ல. தடவிப் பாருங்கள். கோட்டுக்கு மேலே சொரசொரப்பான மணற்கல், கீழே வழவழப்பான செந்நிறச் சேற்றுக்கல் என்றால் அது அடுக்கு. இரண்டு பக்கமும் ஒரே கல் என்றால் பெரும்பாலும் விரிசல்.

படி 3: சாய்வை அளப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான். செங்குத்துப் பாறையை எதிரில் நின்று பார்த்தேன், கோடுகள் மட்டமாக ஓடின. 'கிடைமட்டம்' என்று எழுதிக்கொண்டேன். மூலை திரும்பினால் அதே அடுக்கு சரிவாக இறங்குகிறது! அடுக்கு நீளும் திசையிலேயே பாறை வெட்டுப்பட்டிருந்தால், எவ்வளவு சாய்ந்த அடுக்கும் முன்னாலிருந்து மட்டமாகத்தான் தெரியும்.

அதனால் முகப்பை நம்பாதீர்கள். அடுக்கின் மேல்பரப்பு வெளியே தெரியும் இடத்தைத் தேடி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் ஓடும் வழிதான் சாய்வின் திசை. அதற்குச் செங்குத்தாகச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டால், அதுவே அடுக்கு நீளும் திசை. பிறகு ஈரத்தடத்தின் மேல் பாகைமானியை நிறுத்தி, நூலில் குண்டைத் தொங்கவிட்டு, நூல் 90 பாகையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று படியுங்கள். அதுதான் சாய்வுக் கோணம். கோணத்துக்குக் கைபேசிச் செயலியும் போதும். திசைக்கு மட்டும் நான் கைத் திசைகாட்டியைத்தான் நம்புவேன்.

(பிற்சேர்க்கை: கைபேசியில் திசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காரணம் உறையிலிருந்த காந்தம். உறையைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.)

படி 4: அளந்ததைக் கரையோடு பொருத்துங்கள். அடுக்கு கடல் பக்கம் சாய்ந்தால், அடியை அலை அரித்ததும் மேலே இருக்கும் பாளங்கள் வழுக்கி விழும். கரையும் அதே சரிவில் நிற்கும். நிலத்தின் பக்கம் சாய்ந்தால் பாளங்கள் எளிதில் நழுவாது, செங்குத்தாக நிற்கும். அடுக்குகள் கரைக்குக் குறுக்கே ஓடினால், மென்மையான சேற்றுக்கல் அரிபட்டுக் குடாவாகும், மணற்கல் முனையாக நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் சாங்கி முனையில் பம்போட் எனும் சிறு படகு பிடித்து உபின் தீவுக்குப் போங்கள். அது கருங்கல் தீவு, அடுக்கைத் தேடாதீர்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்குள் உறைந்த கல்லின் விரிசல்களில் நீர் புகுந்து, மண்ணுக்கடியிலேயே மூலைகளைக் கரைத்துவிட்டது. பிறகு அலை மண்ணை அள்ளிப்போக, உருண்டைகள் மட்டும் கரையில் நிற்கின்றன. பாறையில் இரண்டு விரிசல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, பக்கத்தில் கிடக்கும் உருண்டையின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.