பழைய இரும்பில் கிடைத்த சன் அல்ட்ரா 5ஐ உயிர்ப்பிப்பது எப்படி

கொழும்பில் கந்தோர் ஒன்றைக் காலி பண்ணினால், பழைய இரும்புக்குப் போகும் சாமான்களுக்குள் எப்போதாவது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கணினிப் பெட்டி ஒன்று தலைகாட்டும். கிடைத்தது அல்ட்ரா 5 என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1998இல் வந்தது, பெயருக்கு மேசைக் கணினிதான், ஆனால் எத்தனையோ இடங்களில் மூலையில் கிடந்து சேர்வர் வேலை பார்த்தது, உள்ளே ஐடிஇ டிஸ்க் என்பதால் ஸ்கஸி எனும் வேறு வகை டிஸ்க் இணைப்பின் தலையிடியும் கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு பிளக்கைச் செருக வேண்டாம். முதலில் மூடியைக் கழற்றித் தூசியை எடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் கிடந்த பெட்டி என்றால் மெமரியின் கால்களில் உப்புப் பூத்திருக்கும், ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். (இதன் மெமரி சோடி சோடியாகத்தான் போட வேண்டும், சாதாரண பிசி மெமரி சரிவராது.) பவர் சப்ளையின் பின்பக்கம் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று பாருங்கள், 115இல் விட்டுப் போட்டால் அங்கேயே கதை முடிந்தது. ரி.வி. திருத்துகிறவர்கள் செய்வதுபோல 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்துப் போட்டால் இன்னும் நல்லது: பல்ப் ஒருதரம் மின்னி மங்கினால் சரி, பிரகாசமாகவே எரிந்தால் எங்கேயோ ஷோர்ட். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

சன் கீபோர்டைத் தேடி அலையாதீர்கள். கீபோர்ட் இல்லாமல் போட்டால் இயந்திரம் தானாகவே சீரியல் போர்ட் ஏ பக்கம் போய்விடும், அதில் உங்கள் கணினியை மாட்டி டெர்மினல் மென்பொருளில் பேசலாம். அது 25 ஊசி உள்ள பெரிய போர்ட். யுஎஸ்பி சீரியல் வயர், நல் மோடம் (null modem: அனுப்பும், வாங்கும் கம்பிகளை மாற்றி இணைத்த) வயர், 9இலிருந்து 25க்கு மாற்றும் அடப்டர் எல்லாம் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கேட்டுப் பாருங்கள். ஆனால் ஆர்டுயினோவுக்கு விற்கிற 5 வோல்ட் குட்டி மொடியூலை எடுக்க வேண்டாம், ஆர்எஸ்-232 என்று உள்ளதுதான் வேண்டும். வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டொப் பிட் 1.

இனிப் பெரும்பாலும் திரையில் வருவது ஐடிபுரோம் (இயந்திரத்தின் அடையாள விபரம்) செல்லாது என்ற செய்திதான். இதைப் பார்த்துப் பயந்து, மதர்போர்ட் செத்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கி வீசினவர்கள் நிறையப் பேர். செத்தது, அந்த விபரத்தை வைத்திருக்கும் என்விராம் என்ற மெமரி சிப்புக்குள் புதைத்து வைத்திருக்கிற லித்தியம் பற்றரி மட்டும்தான். சிப்பின் பெயர் எம்48டி59, சொக்கெட்டில் இருப்பதால் சுலபமாகக் கழரும். அதன் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் படமெடுத்து வையுங்கள், பழைய ஹோஸ்ட் ஐடி (இயந்திரத்தின் தனி எண்) அதில் இருக்கக்கூடும். சந்தையில் 'புதிது' என்று வருவதில் பல பழையதைத் துடைத்து விற்பது என்பதால், நான் சொல்வது அதையே திருத்துங்கள் என்றுதான். மேல் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பற்றரிக்குப் போகும் இரண்டு கம்பிகளைக் கண்டுபிடித்து, மீட்டரால் பிளஸ் மைனஸ் பார்த்து, பழைய பற்றரியை வெட்டிவிட்டு, சிஆர்2032 ஹோல்டர் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டுங்கள்.

அப்புறம் இயந்திரம் கட்டளைக்குக் காத்து நிற்கும் 'ஓகே' புரொம்ப்டில், எல்லாவற்றையும் டிஃபோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அடையாள விபரத்தின் 16 பைட்டையும் எம்கேபி கட்டளையால் எழுத வேண்டும்: மதிப்பு முதலில், இடத்தின் எண் அடுத்து, பிறகு எம்கேபி, எல்லாம் ஹெக்ஸில் (16ஐ அடியாகக் கொண்ட எண்களில்). 0ஆம் இடத்தில் 1. அடுத்தது இயந்திர வகை, அல்ட்ராவுக்கு 80. பிறகு ஆறு பைட் ஈத்தர்நெட் முகவரி, சன்னுடையது 8, 0, 20 என்றுதான் தொடங்கும். நாலு பைட் திகதி, பூச்சியமாக விடலாம். அடுத்த மூன்று ஹோஸ்ட் ஐடியின் மிச்சம். கடைசி பைட், முந்தின பதினைந்தையும் எக்ஸோர் (XOR, பிட் பிட்டாகப் பார்க்கும் கணக்கு) செய்தால் வரும் விடை. இது ஒன்று பிழையாகிப் போனாலும் திரும்பவும் அதே செய்திதான் வரும்.

டிஸ்க்கை பூட் பண்ண முதல் கழற்றி, யுஎஸ்பி ஐடிஇ அடப்டர் வழியாக லினக்ஸில் டிடி கட்டளையால் முழுப் பிரதி எடுங்கள். உள்ளே யாரோ ஒருவரின் சம்பளப் பட்டியல் இருந்தால் அதை அழித்துவிடுங்கள், பார்த்துச் சிரிக்கிற சாமான் இல்லை அது. ரூட் கடவுச்சொல் தெரியாவிட்டால் சன்னின் இயங்குதளமான சொலாரிஸின் சீடியில் சிங்கிள் யூசராக ஏறி, ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ணி, கடவுச்சொற்கள் உள்ள ஷேடோ கோப்பில் ரூட் வரியின் இரண்டாவது புலத்தை வெறுமையாக்கினால் போதும். விஐ எடிட்டர் முரண்டு பிடித்தால் டெர்ம் மாறியை விடி100 ஆக்குங்கள். புதிதாகப் போடுவதென்றால் சொலாரிஸ் 8 இந்த இயந்திரத்துக்கு அளவானது, 10 ஓடும், ஆனால் ஊரும். இன்றைய மென்பொருள் வேண்டுமென்றால் இலவச இயங்குதளமான நெட்பிஎஸ்டி.

நம்மூர்க் கரண்ட் சொல்லாமல் போகும் என்பதால் டிஸ்க் மவுண்ட் பட்டியலான விஎஃப்எஸ்டேப் கோப்பில் யுஎஃப்எஸ் லொகிங்கை (கரண்ட் போனாலும் கோப்புமுறை குழம்பாமல் காப்பது) போட்டுவிடுங்கள், சொலாரிஸ் 7இலிருந்தே அந்த வசதி உண்டு. ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வையுங்கள். சொலாரிஸ் 8இல் டெல்நெட், எஃப்டிபி எல்லாம் திறந்தபடியே எழும்பும், அந்தச் சேவைகளின் பட்டியலான inetd.conf கோப்பில் அவற்றின் வரிகளுக்கு முன் # போட்டு மூடுங்கள், ரவுட்டரில் இதற்கென்று எந்தப் போர்ட்டையும் வெளியே திறந்துவிட வேண்டாம்.