கேஸ் கீசர் குழாயைச் சுற்றி விரிசல்: என் அனுபவம்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்களுடையது சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு. கேஸ் கீசரின் புகைக்குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் சிமெண்ட் பூச்சு வெடித்துக்கொண்டே இருந்தது. "இன்னும் கெட்டியா வெச்சா நின்னுக்குமுங்க" என்றார் கொத்தனார். எங்கே நிற்கும்? ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கிப் பிடித்தால் பூச்சுதான் உடையும்.

முதலில் மெக்கானிக்கை வைத்து இணைப்புகளில் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டோம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, அதில் விளையாடக் கூடாது. அப்புறம் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டு, அதில் கண்ணாடி இழைக் கயிற்றைத் திணித்தோம். ஓரங்களுக்குச் சுண்ணாம்பும் மணலும். மேலே ஒரு தகர வளையம். அதைச் சுவரோடு மட்டும் திருகினோம், குழாயோடு அல்ல. மார்கழி முழுக்க வெந்நீர் ஓடியும் மயிரிழைக் கீறல்கூட விழவில்லை.