டேப்லெட்டில் எந்தச் செயலி எதற்கு: வேலை மேசை முதல் மொட்டை மாடி வரை

பத்து அங்குல டேப்லெட்டின் திரை கிட்டத்தட்ட ஓர் ஏ5 தாள். ஏ4 தாளை நடுவில் மடித்துக் கையில் பிடித்துப் பாருங்கள், அதே அளவுதான். எந்தச் செயலியைப் போடலாம் என்று யோசிக்கும்போது இந்தத் தாளை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தாளில் செய்கிற வேலைகளான படிப்பது, கோடிட்டுக் குறிப்பது, எழுதுவது, வரைவது, இரண்டு பேர் சேர்ந்து குனிந்து பார்ப்பது ஆகியவற்றை டேப்லெட் அருமையாகச் செய்யும். நடந்துகொண்டே ஒரு கையால் தட்டிவிடுகிற வேலைகள் ஃபோனிலேயே இருக்கட்டும். ஃபோனில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே டேப்லெட்டிலும் இறக்கி வைத்தால் அது கனமான இன்னொரு ஃபோன் ஆகி, கொஞ்ச நாளில் பீரோவுக்குப் போய்விடும்.

ஆகவே எதைப் போட வேண்டாம் என்பதிலிருந்து தொடங்கலாம்.

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் யூபிஐ செயலிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் பதிவான சிம் அதே சாதனத்தில் இருந்து, அதிலிருந்து குறுஞ்செய்தி போனால்தான் பதிவு முடியும். சிம் இல்லாத டேப்லெட் சரிபார்ப்புக் கட்டத்தைத் தாண்டாது. வாட்ஸ்அப் அப்படியில்லை. ஃபோனில் உள்ள வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய், டேப்லெட்டில் தெரியும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அதே கணக்கு இரண்டிலும் ஓடும். ஒரு கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். ஆனால் ஃபோனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும். டேப்லெட்டில் வாட்ஸ்அப் திடீரென்று நின்றுபோனால், ஊருக்குப் போனபோது ஃபோன் அணைந்து கிடந்ததா என்று முதலில் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் வேர்டும் எக்செல்லும் சிலரை ஏமாற்றும். 10.1 அங்குலம் வரையிலான திரையில் அடிப்படைத் திருத்தங்களை இலவசமாகச் செய்யலாம். அதைவிடப் பெரிய திரை என்றால் சந்தா கேட்கும், இல்லாவிட்டால் படிக்க மட்டும் விடும். புதிதாக 11 அங்குல டேப்லெட் வாங்கியவர்களுக்குக் கோப்பு திறந்தும் எழுத வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கோளாறு அல்ல. கூகுள் ஷீட்ஸ், கூகுள் டாக்ஸ் இரண்டும் எந்த அளவுத் திரையிலும் இலவசம்.

ஆவணங்களில் குறிப்பதும் கையெழுத்திடுவதும்

டேப்லெட் தன் விலையை மீட்டுத் தருவது இந்த இடத்தில்தான். ஒப்பந்தம், வினாத்தாள், கட்டட வரைபடம், மாணவரின் விடைத்தாள் எதுவானாலும் பிடிஎஃப் ஆக வந்தால் அச்செடுக்காமலே அதன் மேல் எழுதலாம். சோடோ, அடோபி அக்ரோபாட் ரீடர் இரண்டில் ஒன்று போதும். இரண்டும் வேண்டாம். எந்தக் கோப்பை எதில் குறித்தோம் என்று பிறகு தேட வேண்டி வரும்.

வரிசை இப்படி இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தட்டியவுடன் அங்கிருந்தே குறிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் டேப்லெட்டின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலோ கூகுள் டிரைவிலோ சேமியுங்கள். பிறகு பிடிஎஃப் செயலியைத் திறந்து, அதற்குள்ளிருந்து அந்தக் கோப்பை எடுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நேராகத் திறப்பது பெரும்பாலும் படிக்க மட்டுமான தற்காலிக நகல். அதில் ஒரு மணி நேரம் சிவப்பு மை போட்டுவிட்டு மூடினால் உழைப்பு காற்றோடு போய்விடும்.

முடித்து அனுப்பும்போது இன்னொரு சிக்கல் வரும். நீங்கள் எழுதிய குறிப்புகள் கோப்பின் மேல் தனி அடுக்காக நிற்கும். எதிர்முனையில் இருப்பவரின் செயலி அந்த அடுக்கைக் காட்டாவிட்டால் அவருக்கு வெறும் கோப்புதான் தெரியும். அனுப்புவதற்கு முன் ‘பிரிண்ட்’ கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ தேர்ந்து புதிய கோப்பாக்கிவிட்டால் மை தாளோடு ஒட்டிவிடும். கையெழுத்திட்ட ஆவணம் என்றால் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

காகிதத்தை ஸ்கேன் செய்ய கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியே போதும். மலிவான டேப்லெட்டுகள் பலவற்றில் கேமராவுக்குத் தானாகக் குவியம் சரிசெய்யும் வசதி கிடையாது. சிறிய எழுத்து மங்கும். அந்த நிலையில் ஃபோனால் ஸ்கேன் செய்து அதே டிரைவ் கணக்கில் போட்டுவிட்டு, டேப்லெட்டில் திறந்து வேலையைப் பாருங்கள். விண்ணப்பத் தளம் கோப்பின் அளவு பெரிது என்று திருப்பி அனுப்பினால், ஸ்கேன் செய்யும்போதே வண்ணத்தை விட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே அளவு நன்றாகக் குறைந்துவிடும்.

பேனா பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா திரைக்கு இன்னொரு விரல்தான். உள்ளங்கையைத் திரையில் வைத்தால் எது பேனா, எது கை என்று டேப்லெட்டால் பிரித்தறிய முடியாது, எழுத்துக்கு நடுவே கோடுகள் பாயும். எஸ் பென், ஆப்பிள் பென்சில் போல அந்த டேப்லெட்டுக்கென்றே வந்த பேனா இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. குறிப்புச் செயலியின் அமைப்பில் விரலால் வரைவதை அணைத்துவிடுங்கள். கையைத் தாராளமாக வைத்து எழுதலாம்.

தமிழில் எழுத

கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்க்கும்போது விசைப்பலகை, ஆங்கில எழுத்தால் தட்டும் முறை, கையெழுத்து என்று தனித்தனியாக வரும். டேப்லெட்டில் கையெழுத்தையும் சேர்த்துவிடுங்கள். ஃபோன் திரையில் நெருக்கடியாக இருப்பது இங்கே அகலமான பலகையாகக் கிடைக்கிறது. விசைப்பலகை பழகாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எழுத்தெழுத்தாக நிறுத்தாமல் முழுச் சொல்லையும் எழுதிவிட்டு இடைவெளி விடுங்கள். ‘பாரம்’ என்று எழுதிப் பாருங்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி விழுந்தால் செயலி தடுமாறும். ரகரத்தின் கீழ்ச் சாய்கோட்டைச் சற்று நீட்டி இழுத்தால் சரியாகப் பிடித்துக்கொள்ளும். எகர ஏகாரத்துக்கும் இதே கவனம் வேண்டும், ஏகாரத்தின் கீழ்க்கோடு தெளிவாக இருக்கட்டும். அவசரத்தில் மறந்துபோகும் புள்ளிதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

வேகமாகத் தட்டுபவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலப்பக்கம். ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். ஐபேடில் இது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டால் கிடைக்கும்.

டேப்லெட்டை இரண்டாவது திரையாக்க

மடிக்கணினியில் ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் ரசீது என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு ஸ்பேஸ்டெஸ்க். விண்டோஸ் கணினியில் அதன் டிரைவரையும், டேப்லெட்டில் செயலியையும் நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் சேர்த்தால் டேப்லெட்டில் கணினியின் பெயர் தெரியும். தட்டினால் திரை நீளும். பெயர் தெரியவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். விண்டோஸில் அந்த வைஃபை பொது நெட்வொர்க் என்று பதிவாகியிருந்தால் தனிப்பட்டது என்று மாற்றுங்கள். ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் டேப்லெட் இருந்தால் அது பொதுவாகச் சாதனங்களை ஒன்றையொன்று பார்க்க விடாது. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். மேக்கும் ஐபேடும் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் சைட்கார் போதும்.

படிக்க

ரீட்எரா என்ற செயலி விளம்பரம் இல்லாதது, இபப் என்ற மின்னூல் வடிவம், பிடிஎஃப் இரண்டையும் திறக்கும். தமிழ்ப் புத்தகங்களுக்கு மூன்று இடங்களை முதலில் பாருங்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் பாரதி வரை கிடைக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் குவிந்திருக்கின்றன. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் சமகால எழுத்து இருக்கிறது.

மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் சில, யுனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றத்தில் இருக்கும். திறந்தால் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். பக்கத்திலேயே யுனிகோட் அல்லது பிடிஎஃப் வடிவம் இருந்தால் அதை எடுங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸில் ஒரே நூல் பல வடிவங்களில் வரும், டேப்லெட்டுக்கு இபப் சிறந்தது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். நூலகம் தளத்தில் உள்ளவை பெரும்பாலும் பக்கங்களை ஸ்கேன் செய்தவை. அவற்றில் வரி மடங்காது, உரக்கப் படிக்கும் வசதியும் வேலை செய்யாது. ரீட்எராவில் ஓரங்களை வெட்டும் வசதியைப் போட்டால் வெள்ளை விளிம்பு போய் எழுத்து பெரிதாகும். ஏ5 அளவுத் திரைக்கு அது பெரிய உதவி.

கோலம் போட்டுப் பார்க்க

மார்கழிக்கோ பொங்கலுக்கோ வாசலில் போடவிருக்கும் ரங்கோலியை முன்கூட்டியே வரைந்து, நிறம் தேர்ந்து, அடிக்கணக்கு பார்க்க கிரிட்டா போல ஒரு செயலி இல்லை. இலவசம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கிடைக்கும். பொத்தான்கள் சிறியவை, பேனா இருந்தால் சிரமம் குறையும்.

2000 × 2000 பிக்சல் அளவில் புதிய கோப்பு திறங்கள். கருவிகளில் ‘மல்டிபிரஷ்’ தேர்ந்து, அதன் வகையை ‘ஸ்னோஃப்ளேக்’ ஆக்கி, எண்ணிக்கையில் 6 அல்லது 8 கொடுங்கள். இப்போது ஓர் இதழின் பாதியை வரைந்தால் மீதியெல்லாம் சுற்றிலும் தாமாக விழும். மையப் புள்ளி காகிதத்தின் நடுவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், விலகியிருந்தால் கோலம் ஒரு பக்கம் தள்ளிப்போய் விளிம்பில் வெட்டுப்படும்.

கோடுகள் மேல் லேயரில் (அடுக்கில்), வண்ணம் கீழ் லேயரில் இருக்கட்டும். வண்ணம் ஊற்றும்போது முழுத் திரையும் சிவப்பானால் எங்கோ ஓர் இதழ் மூடாமல் இருக்கிறது என்று பொருள். பெரிதாக்கிப் பார்த்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கீழ் லேயரில் நிரப்பும்போது எல்லா லேயர்களையும் கணக்கில் எடுக்கும்படி நிரப்பும் கருவியின் தெரிவில் மாற்ற வேண்டும்.

வாசலில் நான்கடிக்கு நான்கடி இடம் என்றால் 500 பிக்சல் ஓர் அடி. கட்டங்களின் இடைவெளியை 250 பிக்சலாக வைத்தால் ஒவ்வொரு கட்டமும் அரையடி. தரையிலும் அரையடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டால், எந்த இதழ் எந்தப் புள்ளியில் முடிகிறது என்று திரையைப் பார்த்து அப்படியே இறக்கிவிடலாம். சிக்குக் கோலத்துக்கு மல்டிபிரஷ் வேண்டாம். புள்ளிகளைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே கையால் வளைத்துப் போடுவதுதான் சுகம். ஐபேடில் புரோகிரியேட்டின் சமச்சீர் வழிகாட்டி இதே வேலையைச் செய்யும், ஒரே தடவை பணம் கட்டினால் போதும்.

மற்ற நேரங்களில்

சதுரங்கத்துக்கு லிசெஸ். விளம்பரம் கிடையாது, கட்டணமும் கிடையாது. ‘ஓவர் தி போர்ட்’ வசதியைத் திறந்து டேப்லெட்டை மேசையில் படுக்கவைத்தால் எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம். பாட்டுப் பயிற்சிக்குத் தம்புரா செயலி போடுபவர்கள் கட்டையை, அதாவது சுருதியைச் சரியாக வையுங்கள்: மேற்கத்திய சுரப் பெயரில் 1 கட்டை என்பது சி, 5 கட்டை என்பது ஜி. டேப்லெட்டின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தர ஸ்தாயி மெலிந்து கேட்கும், வெளி ஒலிபெருக்கியோடு இணைத்தால் நன்றாக இருக்கும். புளூடூத் தம்புராவுக்குச் சரி, திரையில் கீபோர்டு வாசிக்க வேண்டாம். ஒலி தாமதித்து வருவதால் தாளம் பிசகும்.

பிள்ளைகள் கையில் போகும் டேப்லெட்டில் ஆண்ட்ராய்டின் ‘மல்ட்டிபிள் யூசர்ஸ்’ வழியாக அவர்களுக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். உங்கள் அலுவலகக் கோப்புகள் அவர்கள் கண்ணில் படாது.

இரவில் மொட்டை மாடிக்கு ஸ்டெல்லேரியம். வானத்தை நோக்கிப் பிடித்தால் எதிரே உள்ள விண்மீன்களின் பெயரைக் காட்டும். டிசம்பர், ஜனவரி முன்னிரவில் கிழக்கு வானத்தைப் பாருங்கள். கொத்தாகத் தெரிவது கார்த்திகை, செயலியில் பிளையடீஸ். அதற்குக் கீழே செம்மஞ்சளாக ரோகிணி, அல்டெபரான். இன்னும் தாழச் சிவந்து நிற்பது திருவாதிரை, பெட்டல்ஜூஸ். பாட்டி சொன்ன நட்சத்திரப் பெயரைப் பிள்ளைகள் நேரில் பார்க்கிற இடம் இது.

மாடிக்குப் போகுமுன் ஜிபிஎஸ் இல்லாத டேப்லெட்டில் ஊரைக் கையால் தேர்ந்து வைத்துவிடுங்கள். அமைப்பில் இரவுநேரச் சிவப்புத் திரையைப் போட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. டேப்லெட்டைத் திருப்பியும் வானம் திரும்பவில்லையென்றால் அதில் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இல்லை, விரலால் இழுத்துப் பார்க்க வேண்டியதுதான். திரும்புகிறது, ஆனால் கிழக்கைக் காட்டினால் தெற்கு என்கிறது என்றால் உறையைக் கழற்றுங்கள். மூடியில் உள்ள காந்தம் திசைகாட்டியை இழுத்துக்கொண்டிருக்கும். கழற்றிய பிறகு டேப்லெட்டைக் காற்றில் எட்டு வடிவில் நாலைந்து முறை சுழற்றினால் திசை சரியாகிவிடும்.