ஈபிஓ ஊசியின் பெயரை வாலிலிருந்து வெட்டிப் படியுங்கள்

டயாலிசிஸ் பிரிவில் 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, எங்கள் நோயாளிகளுக்குப் போடும் ஈபிஓ ஊசியின் முழுப் பெயரான எரித்ரோபோயெட்டின் என்பதைப் படிக்கத்தான் முதலில் சொல்லித் தருவேன். மிஷின் எல்லாம் அப்புறம்.

நீளமான பெயரை முன்னாலிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள். வாலிலிருந்து வெட்டுங்கள். கடைசியில் நிற்கும் 'இன்' வெறும் விகுதி. இன்சுலின், கெராட்டின், மயோசின் எல்லாம் இப்படித்தான் முடியும். அதை ஓரமாக வையுங்கள்.

நடுவில் இருப்பது 'போயெட்'. கிரேக்கத்தில் போயெய்ன் என்றால் செய்தல், போயெட்டெஸ் என்றால் செய்கிறவர். கவிஞரையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். ஆங்கிலப் 'போயட்' அங்கிருந்து வந்தது. நமக்கு இது மறக்கவே மறக்காது. 'செய்' என்ற வினையிலிருந்துதானே நம் செய்யுளும் பிறந்தது! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தலையில் 'எரித்ரோ'. எரித்ரோஸ் என்றால் சிவப்பு. நம் முசிறித் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும் பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பின் பெயரில் 'எரித்ரா கடல்' என்று வருவதும் இதே சிவப்புதான்.

சேர்த்துப் படித்தால், சிவப்பைச் செய்வது. அதாவது ரத்தச் சிவப்பணுவை. 1948இல் பின்லாந்தில் போன்ஸ்டோர்ஃப், யாலவிஸ்டோ இருவரும் இந்தப் பெயரைச் சூட்டியபோது அந்தப் புரதத்தை யாரும் தனியாகப் பிரித்திருக்கவில்லை. வேலையைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். 1977இல்தான் யூஜின் கோல்ட்வாசர் குழு 2,550 லிட்டர் சிறுநீரை வடித்து, சில மில்லிகிராம் பிரித்தெடுத்தது.

ஒரு எச்சரிக்கை. தலையை மட்டும் படித்து நிறுத்தாதீர்கள். 'எரித்ரோ' என்று காதில் விழுந்ததும் ஒரு பயிற்சி மாணவி எரித்ரோமைசின் அட்டையோடு வந்து நின்றாள். பக்கத்திலேயே இருந்ததால் தடுத்தேன். அது கிருமிக்கு எதிரான ஆன்டிபயாட்டிக். தலை ஒன்றுதான், வால் வேறு.

சரி, நீங்களே ஒன்றை வெட்டிப் பாருங்கள்: த்ராம்போபோயெட்டின். த்ரோம்போஸ் என்றால் உறைந்த கட்டி. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உருவாக்கச் சொல்லும் புரதம் அது.

இப்படிப் படித்தால் நோயாளிக்கும் விளக்கலாம். "கிட்னிக்குத்தானே வர்றேன், ரத்தத்துக்கு எதுக்கும்மா ஊசி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "நல்ல கிட்னி இருந்தா சிவப்பணு செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு அதுவே ஆள் அனுப்பும் ஐயா. உங்க கிட்னியால முடியல, அந்த ஆளை நாங்க ஊசியில அனுப்புறோம்" என்றேன். பேசாமல் கையை நீட்டினார்.